ஏழு குப்பித் தேன்

வாப்பா மவுத்தானபின் நடந்த பாகப்பிரிவினையில் என் பங்காக வந்தவை நாற்பது சென்ட் ரப்பர் புரையிடம், பன்னிரண்டு தேனீப் பெட்டிகள், தேன் சுழற்றும் தகர இயந்திரம் ஒன்று, அட்டை கிழிந்த நான்கு நோட்டுப் புத்தகங்கள். புரையிடத்திற்கு விலை உண்டு; பெட்டிகளுக்கும் ஏதோ ஒரு விலை சொல்லலாம். நோட்டுப் புத்தகங்களை யாரும் பங்கு கேட்கவில்லை. ஓர் ஆண்டுக்கும் மேலாக நானும் அவற்றைத் திறந்து பார்க்கவில்லை. அப்போதே திறந்திருந்தால் இந்தக் கட்டுரையை எழுத வேண்டிய தேவை எனக்கு வந்திராது.

எங்கள் ஊர் கன்னியாகுமரி மாவட்டத்தில் குழித்துறைக்கு வடக்கே, ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே இருக்கிறது. இப்பகுதியில் தேனீ வளர்ப்பு வீட்டுத் தொழிலாகப் பரவியது 1920களில். திருவிதாங்கூர் சமஸ்தானமாக இந்நாடு இருந்த காலத்தில், மார்த்தாண்டத்தில் கிராமச் சீரமைப்புப் பணி செய்துவந்த ஸ்பென்சர் ஹாட்ச் என்னும் அமெரிக்கர், கோழி வளர்ப்போடும் கைத்தொழில்களோடும் தேனீ வளர்ப்பையும் ஏழைக் குடியானவர்களுக்குக் கற்பிக்க ஏற்பாடு செய்தார். மரப்பொந்திலிருந்து தேனீக் குடும்பத்தை எடுத்து மரப்பெட்டியில் குடியமர்த்தவும், அடையை நசுக்கிப் பிழியாமல் சுழற்றித் தேன் எடுக்கவும் மக்கள் கற்றுக்கொண்டார்கள். எங்கள் மூத்தவர்களும் அப்படித்தான் கற்றார்கள். எந்தச் சமயத்தார் வீட்டுக் கொல்லையில் பார்த்தாலும் நான்கு பெட்டிகள் இருக்கும் ஊர்கள் இவை.

தேன் என்றால் பூவிலிருந்துதான் வரும் என்று நம்மில் பலர் எண்ணியிருக்கிறோம். எங்கள் தேனில் பெரும்பகுதி பூவிலிருந்து வருவதில்லை. மார்கழியை ஒட்டி ரப்பர் மரம் இலைகளை உதிர்த்து மொட்டையாக நிற்கும். பிறகு தை, மாசியில் செம்பு நிறத்தில் தளிர் விடும். அந்த இளந்தளிரில், மூன்று சிற்றிலைகளும் காம்போடு கூடுமிடத்தில் நுண்ணிய சுரப்பிகள் உள்ளன. அவற்றில் ஊறும் இனிப்பு நீரைத்தான் தேனீ உறிஞ்சிக்கொண்டு வருகிறது. தளிர் முற்றிக் கரும்பச்சையாகிவிட்டால் ஊற்று நின்றுவிடும். ஆகவே எங்கள் ஆண்டு வருமானம் முழுவதும் சில வாரங்களுக்குள் அடங்கிவிடுகிறது. அந்த வாரங்களில் பனியோ மழையோ தப்பாகப் பெய்தால் அவ்வளவுதான்.

வாப்பா பெட்டியைத் திறப்பதற்கு ஒரு முறை வைத்திருந்தார். அஸர் தொழுதுவிட்டு வந்து, கதம்பையைக் கொளுத்திப் புகைமூட்டியில் இட்டு, பிஸ்மில்லாஹ் சொல்லி, மூடியை ஓசையில்லாமல் தூக்குவார். கீழே உள்ள பெரிய தட்டில் ராணி முட்டையிடும், புழுக்கள் வளரும். மேலே வைக்கும் சிறிய தட்டில் தேன் மட்டும் சேரும். எனக்குப் பன்னிரண்டு வயதிருக்கும்போது ஒருநாள், கீழ்த்தட்டு அடையின் ஓரத்திலும் தேன் மின்னுவதைக் கண்டு, "இதையும் எடுத்துக்கலாமா வாப்பா?" என்று கேட்டேன்.

"வேண்டாம் மக்களே. கீழ்த்தட்டு அதுகளுக்குள்ள பங்கு. மேலதான் நமக்கு" என்றார்.

மேல்தட்டிலும் எல்லா அடையையும் அவர் எடுக்கமாட்டார். தேனீ கொண்டுவரும் இனிப்பு நீரில் தண்ணீர் மிகுதி. அதை வாயிலிருந்து வாய்க்கு மாற்றி, சிறகால் விசிறி, நீரை வற்றச் செய்து, பதமானதும் அறையின் வாயை மெழுகால் மூடுகிறது. முக்கால் பங்கு அறைகள் மூடிய அடையை மட்டுமே வாப்பா வெளியே எடுப்பார். மூடாத அடையிலிருந்து எடுத்தால் அளவு கூடும். ஆனால் தேன் நீர்த்திருக்கும், சில வாரங்களில் நுரைத்துப் புளிக்கும். ஒரு தேனீ தன் வாழ்நாள் முழுதும் உழைத்தும் ஒரு தேக்கரண்டித் தேனில் சிறு பங்கைத்தான் சேர்க்கிறது என்பதை அறிந்தவர் அவசரப்பட மாட்டார் என்பார்.

அவருக்குப் பள்ளிப்படிப்பு அதிகமில்லை. ஆயினும் திருக்குர்ஆனின் பதினாறாம் அத்தியாயமான சூரத்துன் நஹ்லில் தேனீயைப் பற்றி வரும் 68, 69ஆம் வசனங்களின் பொருளை உஸ்தாதிடம் கேட்டு மனத்தில் பதித்திருந்தார். மலைகளிலும் மரங்களிலும் மனிதர் கட்டுபவற்றிலும் வீடமைத்துக்கொள்ளும்படி தேனீக்கு அல்லாஹ் அறிவித்ததாக அங்கே வருகிறது. "மூணும் நம்ம கண்ணு முன்னால இருக்கு" என்று சொல்லிக் கைநீட்டிக் காட்டுவார். பேச்சிப்பாறைக்கு மேலே மலையில் பெருங்கூடு கட்டும் மலைத்தேனீ. அதைக் காணி மக்கள் இரவில் ஏறி எடுப்பார்கள். எங்கள் அயனிமரப் பொந்தில் குடியிருக்கும் அடுக்குத் தேனீ. பிறகு அவர் கையால் அறுத்து அடித்த பலாமரப் பெட்டிகள். எங்கள் வீட்டு மண்சுவரின் வெடிப்பிலேகூட ஒரு கொசுத்தேனீக் கூடு இருந்தது. சுவரைப் பூசும்போது அந்த வாசலை மட்டும் அடைக்காமல் விடும்படி கொத்தனாரிடம் உம்மா சொன்னது நினைவிருக்கிறது.

அவ்வசனத்தில் தேனீயை நோக்கிய ஏவல்கள் பெண்பாலில் அமைந்திருக்கின்றன என்று உஸ்தாத் சொல்வார். கூடு கட்டுவதும் இரை தேடுவதும் தேன் சேர்ப்பதும் பெண் தேனீக்களே என்பது உண்மை. அதைக்கொண்டு பெரிய வாதம் எதையும் கட்ட நான் விரும்பவில்லை. ஆனால் பெட்டி வாசலில் உட்கார்ந்து, கால்களில் மகரந்தப் பொதியோடு வந்திறங்கும் அந்தச் சிறு பெண்களைப் பார்க்கும்போதெல்லாம் அவ்வேவல் என் காதில் விழுவதுபோல் இருக்கும்.

வளைகுடாவில் பதினான்கு ஆண்டுகள் கிடங்குக் கணக்கு எழுதிவிட்டு நான் ஊர் திரும்பினேன். இரண்டே ஆண்டுகளில் வாப்பா போய்ச் சேர்ந்தார். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். அவர் இருந்தவரை நான் புகைமூட்டி பிடித்தவன் மட்டுமே. முடிவெடுப்பதெல்லாம் அவர். அவரில்லாத முதல் மழைக்காலத்தில் மூன்று பெட்டிகளிலிருந்து தேனீக்கள் கூட்டத்தோடு வெளியேறிப் போய்விட்டன. எஞ்சிய ஒன்பதைக் காப்பாற்றினால் போதும் என்றிருந்தது.

இங்கே ஒன்றை விளக்க வேண்டும். ஆனி முதல் புரட்டாசி வரை எங்கள் பகுதியில் தேனீக்கு இரை அரிது. மழையில் அது வெளியே போகவும் முடியாது. அப்போது சர்க்கரையையும் தண்ணீரையும் சம அளவில் காய்ச்சி ஆறவைத்து, சிரட்டையில் ஊற்றி, தேனீ மூழ்காதிருக்க நாலு ஈர்க்கில் துண்டுகளை மிதக்கவிட்டு, பெட்டிக்குள் வைப்போம். இது பசிக்குக் கொடுக்கும் உணவு. தேனீ வளர்ப்போர் எல்லாரும் செய்வது; இதில் குற்றமில்லை. தளிர்க்காலம் வருமுன் இதை நிறுத்திவிட வேண்டும் என்பதே கட்டுப்பாடு. புரையிடத்தில் முதல் செம்புத் தளிரைக் கண்ட அன்றே வாப்பா சிரட்டையை எடுத்துவிடுவார். அதற்குச் சில நாள் கழித்தே, கீழே மிச்சமிருக்கும் சர்க்கரைப் பாகைத் தேனீக்கள் தின்று தீர்த்தபின், மேல்தட்டை வைப்பார்.

என் இரண்டாம் ஆண்டில் தளிர் வந்த வேளையில் விடாத மூடுபனி. இளந்தளிரில் சாம்பல் நோய் விழுந்து, துளிர்த்த இலைகள் சுருண்டு உதிர்ந்தன. மரத்தடி முழுவதும் செம்பு நிறச் சருகு. தேனீக்கள் வெறுங்கையோடு திரும்பின. நான் மேல்தட்டை ஏற்கெனவே வைத்துவிட்டிருந்தேன். கூட்டம் பட்டினி கிடந்து ஓடிவிடுமோ என்று அஞ்சி மறுபடியும் சிரட்டையில் பாகு ஊற்றினேன். மேல்தட்டையாவது அப்போது எடுத்திருக்க வேண்டும். எடுக்கவில்லை. ஏன் எடுக்கவில்லை என்று அன்று என்னைக் கேட்டிருந்தால் மறந்துவிட்டேன் என்று சொல்லியிருப்பேன். அது உண்மையன்று.

வாப்பாவிடம் ஆண்டுதோறும் தேன் வாங்கிவந்த ஏழு வீட்டார், தை மாதமே என்னிடம் முன்பணம் கொடுத்திருந்தார்கள். குப்பி அறுநூறு வீதம் நாலாயிரத்து இருநூறு ரூபாய். அந்தப் பணம் மகளின் கல்லூரிக் கட்டணத்தோடு சேர்ந்து போய்விட்டிருந்தது. பங்குனியில் பெட்டிகளைத் திறந்தபோது மேல்தட்டு அடைகள் நிறைந்து, வெள்ளை மெழுகு மூடி அழகாக இருந்தன. அது பெரும்பாலும் என் சிரட்டையிலிருந்து ஏறிய பாகு என்று எனக்குத் தெரியும். "தேனீதானே செய்தது? அதன் வாயிலிருந்துதானே வந்தது?" என்று மனத்தில் சொல்லிக்கொண்டே சுழற்றினேன். ஏழு குப்பி நிறைந்தது. முக்கால் லிட்டர் குப்பியில் தேன் ஏறத்தாழ ஒரு கிலோ நிற்கும். நிறுத்துப் பார்த்தேன், சரியாகவே இருந்தது. எடையில் நான் யாரையும் ஏமாற்றவில்லை என்பதுதான் அன்று எனக்கு இருந்த ஆறுதல்.

யாரும் கண்டுபிடிக்கவில்லை. கண்டுபிடிக்கவும் முடியாது. தண்ணீரில் ஒரு சொட்டு விட்டுப் பார்ப்பது, தாளில் தடவிப் பார்ப்பது, திரியில் தோய்த்துக் கொளுத்துவது, எறும்பு வருகிறதா என்று பார்ப்பது என வீடுகளில் செய்யும் சோதனைகள் எவையும் கலப்பைக் காட்டா. அவற்றில் சில, தேன் எவ்வளவு கெட்டியாக இருக்கிறது என்பதை மட்டும் காட்டும். சர்க்கரையை உடைத்து மாற்றும் நொதியைத் தேனீ பாகிலும் சேர்க்கிறது. நீரையும் வற்றச் செய்கிறது. ஆகவே அதுவும் கெட்டியாகவே இருக்கும், இனிக்கவும் செய்யும். கரும்புச் சர்க்கரையின் தடத்தை ஆய்வுக்கூடத்தில் கார்பன் ஐசோடோப்புச் சோதனையால்தான் கண்டறியலாம். ஒரு குப்பி வாங்குபவர் அதற்கு எங்கே போவார்? அவருக்கு இருப்பது விற்பவனின் வாய்ச்சொல் ஒன்றுதான்.

வாங்கியவர்களில் ஒருவர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். எங்கள் சமயத்தவர் அல்லர். வாப்பாவுக்கு முப்பதாண்டு நண்பர். சித்த மருந்துச் சூரணங்களைத் தேனில் குழைத்து உண்பவர். வைகாசியில் ஒருநாள் வழியில் என்னை நிறுத்தி, "தம்பி, தேன் அப்படியே உங்க வாப்பா கையால எடுத்த மாதிரியே இருக்கு" என்றார். சிரித்துவிட்டு வந்துவிட்டேன். அன்றிரவு உறக்கம் வரவில்லை. எழுந்துபோய் அந்த நோட்டுப் புத்தகங்களை எடுத்தேன்.

ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு பக்கம். சர்க்கரை வைத்த நாள், நிறுத்திய நாள், தளிர் கண்ட நாள், தட்டு வைத்த நாள், தேன் எடுத்த நாள், எடை. கடைசிப் பக்கங்களில் வாங்கியோர் பெயர்கள். புரட்டிக்கொண்டே 1992க்கு வந்தேன். அவ்வாண்டுப் பக்கங்களில் பெட்டிக் கணக்கே இல்லை. 1991, 92இல் தாய் சாக்புரூட் என்னும் வைரஸ் நோய் தென்னிந்தியா முழுவதும் பரவி, நம் நாட்டுத் தேனீக் குடும்பங்களில் மிகப் பெரும்பகுதியை அழித்துவிட்டது. கூட்டுப்புழுவாகும் முன்பே புழுக்கள் அறைகளில் நிமிர்ந்து கிடந்து, தோல் நீர்ப்பையாகி, செத்துப்போகும். குமரி மாவட்டத்தில் வரிசை வரிசையாகப் பெட்டிகள் காலியாயின. பலர் தொழிலையே விட்டார்கள். எனக்கு அப்போது பதினான்கு வயது. காலிப் பெட்டிகளை வாப்பா வெந்நீரால் கழுவி வெயிலில் கவிழ்த்து வைத்தது மட்டும் நினைவிருந்தது.

அந்த ஆண்டின் பெயர்ப் பட்டியலில் பத்தொன்பது பெயர்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே வாப்பாவின் கோணல் எழுத்தில் ஒரே வரி: தேன் இல்லை, பணம் திருப்பியாச்சு. பத்தொன்பது முறை அதையே எழுதியிருந்தார். கீழே, வட்டிக்கடையன்று, தெரிந்த ஒருவரிடம் உம்மாவின் அலுக்கத்தை ஈடு வைத்துக் கைமாற்று வாங்கிய தொகை. திருப்பிய நாள் 1994இல் இருந்தது.

எனக்குச் சட்டென்று ஒன்று விளங்கியது. நான் ஒன்பதாம் வகுப்பும் பத்தாம் வகுப்பும் படித்த காலத்தில் உம்மாவின் காது வெறுமையாகவே இருந்தது. காது புண்ணாகிவிட்டதென்று எங்களிடம் சொல்லியிருந்தார்கள். இத்தனை ஆண்டுகளாக அதை நான் நம்பிக்கொண்டிருந்தேன். சந்தையில் சர்க்கரையும் கிடைத்தது. வேறெங்கிருந்தோ வந்த கலப்புத் தேனும் கிடைத்தது. பத்தொன்பது குப்பியை நிரப்ப வாப்பாவுக்கு அரை நாள் போதும்.

காலையில் மனைவியிடம் சொன்னேன். அவள் கேட்டுவிட்டுச் சற்று நேரம் அரிசி களைந்துகொண்டே இருந்தாள். பிறகு, "ஏழு பேருக்குத்தானே? நாலாயிரத்து இருநூறு. மாசம் பாதி கடக்கட்டும், நான் பிடிச்ச சீட்டு எடுத்துத் தாறேன். ஆனா பணத்தைக் கொடுத்தா மட்டும் தீராது. வாயைத் திறந்து சொல்லணும்" என்றாள்.

அவ்வளவு தூரம் போக வேண்டுமா என்று எனக்குள் ஒரு குரல் இருந்தது. அதனால்தான் எங்கள் பள்ளிவாசல் ஆலிமிடம் போனேன் என்று இப்போது தோன்றுகிறது. ஒரு சலுகையைத் தேடித்தான் போனேன். "தேனீயே செய்ததுதானே ஹஜ்ரத், அதைத் தேன் என்று சொல்லலாமா கூடாதா?" என்று கேட்டேன். அவர் தேனைப் பற்றிப் பேசவே இல்லை. "வாங்கினவங்களுக்கு இது தெரிஞ்சிருந்தா, இதே விலைக்கு வாங்கியிருப்பாங்களா?" என்று கேட்டார். நான் பேசாமல் இருந்தேன். "அப்போ அது மறைச்ச அய்பு. அய்பைச் சொல்லணும், பொருளைத் திருப்ப அவங்களுக்கு உரிமை இருக்கு" என்றார்.

பிறகு, நபி (ஸல்) அவர்கள் சந்தையில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டு, உள்ளே ஈரத்தைக் கண்ட சம்பவத்தை நினைவூட்டினார். மழையில் நனைந்துவிட்டது என்று வணிகர் சொன்னார். மழை அவர் குற்றமன்று. ஈரமானதை மக்கள் காணும்படி மேலே ஏன் வைக்கவில்லை என்பதே அவரிடம் கேட்கப்பட்ட கேள்வி. ஏமாற்றுபவர் நம்மைச் சேர்ந்தவரல்லர் என்ற எச்சரிக்கை அந்த இடத்தில்தான் வருகிறது. பலமுறை பயானில் கேட்ட ஹதீஸ்தான். என் பனியும் என் சாம்பல் நோயும் அந்த மழைதான் என்று அன்றுதான் உறைத்தது. தளிர் கருகியது என் பிழையன்று. ஈரத்தை அடியில் வைத்தது என் பிழை.

ஏழு வீடுகளுக்கும் போனேன். கதைகளில் வருவதுபோல் எல்லாரும் கட்டித் தழுவி மன்னித்தார்கள் என்று எழுத முடியாது. ஒரு மூதாட்டி சிரித்து, "இதுக்கா இவ்வளவு தூரம் நடந்து வந்தா?" என்று பணத்தை வாங்க மறுத்தார், வற்புறுத்திக் கையில் வைத்தேன். அவர் அதற்குப்பின் என்னிடம் தேன் வாங்கவில்லை. இன்னொருவர் வாசலிலேயே நிறுத்தி, "என் பிள்ளைக்கு இருமலுக்கு மருந்துன்னு நினைச்சுக் கொடுத்தேன். உங்க வாப்பாவை நம்பித்தான் உன்கிட்ட வாங்கினேன்" என்றார். பதில் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. அவரும் அதன்பின் வரவில்லை. சலாம் சொன்னால் பதில் சொல்வார், அவ்வளவுதான்.

ஆசிரியர் முழுவதையும் கேட்டார். உள்ளே போய், பாதி தீர்ந்த குப்பியைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். நான் நீட்டிய பணத்தை எண்ணி வாங்கி, "பாதி நான் சாப்பிட்டுட்டேனே தம்பி" என்று முந்நூறைத் திருப்பிக் கொடுத்தார். "அடுத்த வருஷம் தேன் எடுக்கும்போது சொல்லுங்க. நான் வந்து பார்க்கணும்" என்றார். என்னை மன்னித்துவிட்டதாக அவர் சொல்லவில்லை. ஆனால் அடுத்த ஆண்டும் அதற்கடுத்த ஆண்டும் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தார். நோட்டுப் புத்தகத்தையும் வாங்கிப் பார்த்தார். எனக்கு அதுவே பெரிதாக இருந்தது.

ஏழாமவர் அதற்குள் மவுத்தாகிவிட்டிருந்தார். கடன் வாரிசுகளுக்குரியது என்பதால் அவர் மகனிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவருக்கு விவரம் ஏதும் தெரியவில்லை, குழப்பத்தோடு வாங்கிக்கொண்டார். கடைசி மாதங்களில் தம் வாப்பாவுக்கு உணவு இறங்காமல் போனபோது, அந்தத் தேனைத்தான் வெந்நீரில் கலந்து கொடுத்ததாகச் சொன்னார். "விரும்பிக் குடிச்சாங்க" என்றார். அந்த ஒரு குப்பிக்குரிய மன்னிப்பைக் கேட்க எனக்கு இனி இவ்வுலகில் ஆளில்லை. அவருக்காக துஆ செய்கிறேன், அது எனக்காகவும்தான்.

இப்போது என் குப்பிகளில் ஒரு சிறு தாள் ஒட்டியிருக்கும். பெட்டி எண், சர்க்கரை நிறுத்திய நாள், தட்டு வைத்த நாள், தேன் எடுத்த நாள். ஈரத்தை மேலே வைப்பதற்கு நான் கண்ட வழி இது. தளிர் பொய்த்த ஆண்டில் இல்லை என்று சொல்லிவிடுகிறேன். முன்பணம் வாங்குவதையும் நிறுத்திவிட்டேன்; என் கையில் இருக்கும் பிறர் பணம் என் நாவைக் கட்டிவிடுகிறது என்பதைக் கற்றுக்கொண்டேன்.

தேன் வாங்கும் குடும்பங்களுக்கு, ஒரு வளர்ப்பவனாகச் சில சொற்கள். சோதனைகளை நம்பாதீர்கள், ஆளை அறிந்து வாங்குங்கள். முடிந்தால் பெட்டிகளைப் போய்ப் பாருங்கள். எப்போது எடுத்தது, எந்த மரத்துத் தளிர் அல்லது பூ, சர்க்கரை எப்போது நிறுத்தியது, சூடாக்கியதா என்று கேளுங்கள். நேர்மையாக வளர்ப்பவர் இக்கேள்விகளால் புண்படமாட்டார். அடியில் மணல்போல் உறைந்தால் சர்க்கரை கலந்தது என்று முடிவு கட்டாதீர்கள். குளுக்கோஸ் மிகுந்த நல்ல தேன் உறைவது இயல்பு. வெயிலிலோ வெதுவெதுப்பான நீரிலோ குப்பியை வைத்தால் இளகிவிடும். அடுப்பில் ஏற்ற வேண்டாம். அதிகச் சூட்டில் நொதிகளும் மணமும் குன்றும்.

தேனில் மனிதருக்கு நிவாரணம் உண்டென்பது நம் ஈமானுக்குரிய செய்தி. அதைக் காரணம் காட்டி மருத்துவர் சொல்வதைப் புறக்கணிக்கக் கூடாது. நீரிழிவு உள்ளவருக்குத் தேனும் சர்க்கரைதான். அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். ஒரு வயது நிறையாத குழந்தைக்கு ஒரு துளித் தேனும் கொடுக்கக் கூடாது. தூய தேனிலும் பொட்டுலிசம் என்னும் நோயை உண்டாக்கும் கிருமியின் வித்துகள் இருக்கக்கூடும். பெரியவர்கள் குடலில் அவை அடங்கிவிடும், பச்சிளங்குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சு சுரக்கும். என் மகளுக்குக் குழந்தை பிறந்தபோது, தஹ்னீக்குக்குத் தேன் கேட்டு மூத்த பெண்கள் என்னையே பார்த்தார்கள். தேன்காரன் வீட்டில் தேன் இல்லையா என்று ஒருவர் வியந்தார். நபி (ஸல்) அவர்கள் தஹ்னீக் செய்தது பேரீச்சம்பழத்தால்தான் என்று சொல்லி, மென்று குழைத்த பழத்தை ஒரு தடவல் மட்டும் தடவச் செய்தேன். தேன், அவன் ஓடித் திரியும் வயதில் அவனுக்குக் காத்திருக்கும்.

ஸகாத்தைப் பற்றியும் சிலர் கேட்பதுண்டு. ஹனஃபி மத்ஹபில் உஷ்ர் நிலத்துத் தேனுக்குப் பத்தில் ஒன்று உண்டு; எங்கள் ஷாஃபி மத்ஹபில் தேனுக்கு ஸகாத் கடமையில்லை. கடமையில்லாவிட்டாலும் வாப்பா பத்துக் குப்பிக்கு ஒரு குப்பியை ஸதகாவாக ஒதுக்குவார். நோட்டுப் புத்தகத்தில் அந்தக் குப்பிக்கு எதிரே பெயர் எழுதமாட்டார். ஒரு கோடு மட்டும் போடுவார். 1992ஆம் ஆண்டுப் பக்கத்தில் அந்தக் கோடும் இல்லை. 1995ஆம் ஆண்டில், அயனிமரப் பொந்திலிருந்து மீண்டும் பிடித்த ஒரே ஒரு குடும்பத்திலிருந்து நான்கு குப்பி எடுத்திருக்கிறார். அந்த நான்கில் ஒன்றுக்கு எதிரே கோடு இருக்கிறது.

அவ்வசனத்தில் தேனீக்கு, கனிகளிலெல்லாம் உண்டு, தன் இறைவன் எளிதாக்கிய வழிகளில் செல்லும்படி சொல்லப்படுகிறது. மலையும் மரமும் தளிரும் கடந்து போய் வரும் அந்த நெடிய வழியை நான் ஓர் ஆண்டு ஒரு சிரட்டைக்குள் சுருக்கிவிட்டேன். தேனீ தனக்குக் கொடுத்ததைக் கொண்டு தன் வேலையைச் சரியாகவே செய்தது. பொய் சொன்னது அதன் வாயன்று.

இதை எழுதும்போது புரையிடத்தில் இலை உதிர்ந்து முடிந்திருக்கிறது. மரங்கள் வானத்தைக் கீறிக்கொண்டு மொட்டையாக நிற்கின்றன. காலையில் தெற்கு ஓர மரத்தில் ஒரே ஒரு கிளையில் செம்பு நிறம் தெரிந்தது. பதினொரு பெட்டிகளிலிருந்தும் சிரட்டைகளை எடுத்துக் கழுவிக் கவிழ்த்துவிட்டேன். நோட்டுப் புத்தகத்தில் தேதியும் எழுதியாயிற்று. இவ்வாண்டு தேன் இருக்குமா இல்லையா என்பதை அல்லாஹ்வே அறிவான். இருந்தால் இருக்கிறது என்றும், இல்லையென்றால் இல்லை என்றும் சொல்லும் நாவை எனக்கும் உங்களுக்கும் அவன் தந்தருள்வானாக. ஆமீன்.